வாடையில்லாத கோழி

என் மனைவிக்கு மார்பில் கட்டி என்று தெரிந்து, அறுவை முடிந்து, புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கீமோ ஆரம்பித்த அந்த ஆடி மாதத்தில் எங்கள் வீட்டுச் சமையல்கட்டை மூடினோம். கதவைச் சாத்தி, அடி இடுக்கில் பழைய லுங்கியைச் சுருட்டி அடைத்து வைத்தோம். தாளிக்கிற வாசம் வந்தால் அவள் பாத்ரூமுக்கு ஓடுவாள். சோறு கொதிக்கிற ஆவி, ரசம், பக்கத்து வீட்டில் யாரோ கருவாடு வறுப்பது, எதுவும் அவளுக்கு ஆகவில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோழிக் குழம்பு வைத்தவள், குழம்பு என்ற சொல்லைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாடிப் போர்ஷன் எங்களுடையது. இரண்டு அறை. எங்கே என்ன கொதித்தாலும் கட்டில் வரை வந்துவிடும். நான் சிதம்பரத்தில் ஓர் அலுவலகத்தில் கிளார்க்காக இருக்கிறேன். காலையில் பஸ் ஏறினால் இருட்டின பிறகு வந்து இறங்குவேன். மகள் பதினொன்றாம் வகுப்பு. அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து அம்மா பக்கத்தில் உட்காருவாள். பகல் முழுவதும் என் மனைவி தனியாகப் படுத்திருப்பாள். நான் வந்து பார்க்கும்போது காலையில் வைத்த இட்லி அப்படியே காய்ந்து கிடக்கும்.

இரண்டாவது கீமோ ஊசிக்குப் போயிருந்தபோது பக்கத்துப் படுக்கை அம்மாவுக்குத் துணையாக வந்திருந்த மருமகள் ஒரு டப்பாவைத் திறந்தாள். என் மனைவி வழக்கம்போல மூக்கைப் பொத்திக்கொள்வாள் என்று நான் எழுந்து நின்றேன். அவள் பொத்தவில்லை. டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சிக்கன் சாலட் அக்கா. ஜில்லுனு இருக்கும். வாடையே வராது. கொஞ்சம் துன்னு பாக்குறீங்களா?” என்று கேட்டது அந்தப் பெண்.

என் மனைவி ஒரு வாய் வாங்கினாள். மென்றாள். இன்னொரு வாய் வாங்கினாள். பிறகு என்னைப் பார்த்து, “ஏங்க, இது எறங்குதுங்க” என்றாள். வியாதி வந்ததிலிருந்து அவள் வாயால் சாப்பாட்டைப் பற்றி நல்ல வார்த்தை கேட்டது அன்றைக்குத்தான்.

செய்முறையை அந்தப் பெண்ணிடமே கேட்டுக்கொண்டேன். கோழியின் நெஞ்சுக்கறியை வேகவைத்து, ஆறவிட்டு, நார்நாராகப் பிய்த்து, கெட்டித் தயிரில் கலக்க வேண்டும். அவ்வளவுதான். இதைக் கொடுக்கலாமா என்று நர்சிடம் கேட்டேன். பச்சைக் காய் கூடாது, நன்றாக வெந்திருக்க வேண்டும், அன்றன்றைக்குச் செய்தது, ஐஸில் வைத்தே கொண்டுபோக வேண்டும், வெளியில் வாங்கியது கூடவே கூடாது என்று சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கி வந்து கதவை அடைத்துக்கொண்டு குக்கரில் வைத்தேன். முதல் விசிலுக்கே உள்ளறையில் அவள் குமட்டுகிற சத்தம் கேட்டது. மகள் ஓடிவந்து, “அப்பா, ஆஃப் பண்ணுப்பா, ஆஃப் பண்ணு” என்று கத்தினாள். ஆறிய கோழிக்கு வாடையில்லை என்பது சரி. வேகும்போது வீடு முழுக்க அதன் வாடைதான். அதை நான் யோசிக்கவே இல்லை. கறியைப் பாதி வேக்காட்டில் எடுத்துக்கொண்டு போய்த் தெருநாய்களுக்குப் போட்டுவிட்டு வந்தேன்.

சிதம்பரத்தில் என் அக்கா வீடு அலுவலகத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் இருக்கிறது. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அங்கே போனேன். விஷயத்தைச் சொன்னதும் அக்கா, “இதுக்கு இன்னாத்துக்குடா இவ்ளோ தயங்குற? நான் பண்ணித் தர்றேன்” என்றாள். அன்பாகத்தான் செய்தாள். அந்த அன்பில் இஞ்சி பூண்டு விழுதும் மஞ்சளும் சேர்ந்துவிட்டன. ராத்திரி டப்பாவைத் திறந்ததும் என் மனைவி மூடிவிட்டாள். அதற்குப் பிறகு நானே நின்று செய்தேன்.

தினமும் இதுதான் என் வேலையானது. மதியம் ஒரு மணிக்கு ஆபீஸ் நாற்காலியிலிருந்து எழுந்து கறிக்கடைக்கு ஓடுவேன். தோலும் எலும்பும் இல்லாமல் நெஞ்சுக்கறி வாங்கி, அக்கா வீட்டு அடுப்பில் வெறும் உப்புத் தண்ணீரில் வேகவைப்பேன். அது வேகும் நேரத்தில் அக்கா எனக்குச் சோறு போடுவாள். நின்றுகொண்டே சாப்பிடுவேன். கறியை ஆற்றி, பிய்த்து, ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு ஆபீஸுக்கு ஓடுவேன். சாயந்திரம் வந்து, ஐஸ் கட்டி போட்ட தெர்மாகோல் பெட்டியில் அடைத்து, பஸ் ஸ்டாண்டுக்குத் தூக்கிக்கொண்டு நடப்பேன்.

முதல் நாள் கண்டக்டர் பெட்டியைக் காட்டி, “இன்னா சார் இது, மருந்தா?” என்றார்.

“ஆமாங்க, வீட்டுல உடம்பு சரியில்ல.”

அவர் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தவரை எழுப்பி எனக்கு இடம் வாங்கிக் கொடுத்தார். பொய் சொல்லிவிட்டோமே என்று இருந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை. கால் அப்படி வலித்தது. தினமும் புதுச்சத்திரம் வருவதற்குள் தூங்கிவிடுவேன். குடிகாடு தாண்டும்போது வருகிற கெமிக்கல் கம்பெனி வாடையில் விழித்துக்கொள்வேன். அந்த வாடை சட்டையில் ஒட்டியிருக்குமோ என்று பயந்து, வீட்டுக்கு வந்ததும் மொட்டைமாடிக்குப் போய்ச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் அவளிடம் போவேன்.

அவள் நாக்குக்குத் தகுந்த மாதிரி செய்ய ரொம்ப நாள் ஆயிற்று. நாக்கு தினம் ஒன்று சொன்னது. மிளகு போட்டால் வாய்ப்புண் எரிந்தது. ஸ்டீல் ஸ்பூன் இரும்பைச் சப்புகிற மாதிரி இருக்கிறது என்றாள். மர ஸ்பூன் வாங்கினோம். தயிர் புளித்தால் பிடிக்கவில்லை. பாக்கெட் தயிரை வெள்ளைத் துணியில் கட்டி, ஃபிரிட்ஜில் வடியவிட்டுப் பார்த்தேன். அது வெண்ணெய் மாதிரி வந்தது, பிடித்தது. வேகவைத்த உருளைக்கிழங்கைச் சின்னதாக வெட்டிப் போட்டேன். கேரட் வேண்டாம் என்றாள். “எதுனா இனிப்பா இருந்தா தேவல” என்று சொன்னதால், தோல் சீவிய ஆப்பிளை அவள் சாப்பிட உட்காரும்போது வெட்டிப் போட்டேன். கடைசியில் இரண்டு சொட்டு எலுமிச்சம்பழம். அதுதான் அவளுக்கு என்று ஆனது.

மகள் அம்மாவுக்குத் துணையாக அதையே தானும் சாப்பிடுவேன் என்று ஆரம்பித்தாள். ஒரு வாரம் தாங்கினாள். “அம்மா, கோச்சிக்காத, இது ஆஸ்பத்திரி மாதிரியே இருக்கு” என்று சொல்லிவிட்டு, தன் பங்கில் மயோனைஸைப் பிழிந்து, மேலே உருளைக்கிழங்கு சிப்ஸை நொறுக்கிப் போட்டுக்கொண்டாள். நான் மிஞ்சியதை எலுமிச்சை ஊறுகாயோடு தின்றேன். மூன்று பேர், மூன்று கிண்ணம். வீட்டில் யாரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை என்றாலும், அந்த நேரத்தில் ஒன்றாக உட்கார்ந்தோம்.

அப்படியே போய்க்கொண்டிருந்தபோது புரட்டாசி பிறந்தது.

அக்கா வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர். புரட்டாசியில் அந்த வீட்டில் முட்டை கூட நுழையாது. எனக்கு அது தெரியும். எப்படியோ மறந்திருந்தேன். கறிப்பையோடு போனபோது சமையல்கட்டு கழுவிவிட்டிருந்தது. அடுப்பு மேடையில் சின்னக் கோலம் போட்டிருந்தது. அக்கா என் முகத்தைப் பார்க்காமல் கதவோரம் நின்றாள். மாமாதான் பேசினார்.

“மாப்ள, தப்பா எடுத்துக்காத. எங்கப்பா காலத்துலேர்ந்து இருக்கிறது. இந்த ஒரு மாசம் மட்டும் வேற எங்கனா பாத்துக்கோயேன்.”

“சரி மாமா. எனக்குத்தான் ஞாபகம் இல்லாம போச்சி.”

கோபம் வரவில்லை. கோபப்படக்கூடத் தெம்பில்லை. கறிப்பையைத் தூக்கிக்கொண்டு கீழவீதியில் வெயிலில் நடந்தேன். எங்கே போவது என்று தெரியாமல் தேர் நிற்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். நாலு பக்கமும் சாமி கும்பிட வந்த ஜனம். கையில் கோழிக்கறி. யாருக்கும் தெரியாது என்றாலும் எனக்குக் கூசியது.

அந்த மாதம் என்னென்னவோ செய்து பார்த்தேன். மொட்டைமாடியில் கரண்ட் அடுப்பு வைத்தேன். காற்று திரும்பி வாடையை ஜன்னல் வழியே இறக்கியது. தெரிந்தவர் ஒருவர் வீட்டில் கேட்டேன். இரண்டு நாள் செய்து கொடுத்தார்கள், மூன்றாம் நாள் விருந்தாளி வந்துவிட்டார்கள். கடைசியில் என் மனைவியே, “வுடுங்க. நீங்க அலையாதீங்க. எனக்கு இப்ப அது வேணும்னே தோணல” என்றாள். வேண்டும் என்று தோன்றியும், நான் அலையக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னாள். கஞ்சித் தண்ணீரில் நாட்கள் போயின. அடுத்த ஊசிக்கு எடை பார்த்தபோது டாக்டர் ஊசியைத் தள்ளிப் போட்டார். சாப்பிட வைத்துக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். திரும்பி வருகிற வழியெல்லாம் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். தோளில் கனமே இல்லை.

அதை அக்காவிடம் போனில் சொன்னேன். அடுத்த நாள் ராத்திரி நான் வீட்டுக்கு வந்தபோது மாமா எங்கள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். ஊசி ஆரம்பித்த பிறகு அவர் என் மனைவியைப் பார்க்க வந்ததே இல்லை. உள்ளே மகள் மட்டும் விழித்திருந்தாள், அவள்தான் சொன்னாள். மாமா வந்தபோது அம்மா தூங்கிக்கொண்டிருந்தாளாம், முடி கொட்டிய தலையில் துணி விலகியிருந்ததாம். மாமா அறை வாசலிலேயே ரொம்ப நேரம் நின்றுவிட்டு, எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். என்னிடம் அவர் சொன்னது, “கௌம்புறேன் மாப்ள, பஸ்ஸு போயிடும்” என்பது மட்டும்தான்.

மறுநாள் மதியம் அக்கா போன் செய்து, “மாமா வரச் சொல்றாரு” என்றாள். போனேன். வீட்டின் பின்னால், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் செங்கல் அடுக்கி அடுப்பு மூட்டியிருந்தது. புது அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மாமா துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கறியும் அவரே வாங்கி வந்திருந்தார். கறிக்கடையில் அவரிடம் படித்த பையன் ஒருவன், “சார், புரட்டாசிலயா?” என்று கேட்டானாம்.

“மாமா, நீங்க ஏன்…”

“நான் துன்னப் போறதில்ல. வேவ வைக்கப் போறேன். அதுல ஒன்னும் இல்ல.” அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார். “நீ ஆபீஸுலேர்ந்து ஓடி வராத. சாயங்காலம் வந்து எடுத்துக்கினு போ. அந்தப் புள்ள எலும்பா கெடக்குது.”

சொல்லிவிட்டு அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார்.

முதல் நாள் அவர் வேகவைத்த கறி ரப்பர் மாதிரி இருந்தது. பிய்க்க வரவில்லை. வேகாமல் விட்டுவிடுவோமோ என்று பயந்து அடுப்பிலேயே விட்டிருந்தார். அதைச் சொன்னபோது, “எனக்கு இன்னாடா தெரியும்? அந்தப் புள்ளகிட்ட சொல்லாத, நாளைக்குச் சரி பண்ணிடுறேன்” என்றார். மனைவி அந்த ரப்பர் கறியையும் மெல்ல மெல்லச் சாப்பிட்டாள். யார் வேகவைத்தது என்று சொன்னதும் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். பிறகு மிச்சத்தையும் சாப்பிட்டாள்.

தள்ளிப்போன ஊசி போடப்பட்டது. புரட்டாசி முடிந்து அடுப்பு மறுபடி வீட்டுக்குள் போனது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பெட்டியைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். கடைசி ஊசியும் முடிந்தது. மார்கழியில் ஒரு நாள் அவள் ஒரு வாய் எடுத்துவிட்டு, “உப்பே இல்லையே” என்றாள். நானும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அத்தனை மாதமும் அவளுக்கு உப்பு என்பது கசப்பாகத்தான் தெரிந்துகொண்டிருந்தது. “இன்னா ரெண்டு பேரும் முழிக்கிறீங்க? உப்பு எடுத்தாங்க” என்றாள். நான் எழுந்திருப்பதற்குள் மகள் எடுத்து வந்துவிட்டாள்.

தை மாதம் அவள் சமையல்கட்டில் நின்று நெத்திலிக் குழம்பு வைத்தாள். மாமாவும் அக்காவும் வந்து சாப்பிட்டார்கள். அதோடு அவள் சிக்கன் சாலடைத் தொடுவதில்லை. பார்த்தாலே பழைய குமட்டல் வருகிறதாம். மகளுக்கு அது பிடித்துப்போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் செய்யச் சொல்கிறாள். இப்போது வெங்காயமும் வெள்ளரிக்காயும் பச்சையாகவே போடுகிறேன். மனைவி அந்த நேரத்தில் முன்னறைக்குப் போய் டிவி பார்ப்பாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகிறோம். போன முறை எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். அடுத்தது சித்திரையில். அதுவரை என்ன என்று நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

எல்லாம் முடிந்துவிட்டதே, இனி நிம்மதிதானே என்று ஆபீஸில் கேட்கிறார்கள். ஆமாம் என்கிறேன். ஆனால் உடம்பு இன்னும் நம்பவில்லை. ஒரு மணி ஆனால் கால் தானாக எழுந்துவிடுகிறது. போன வாரம் அப்படித்தான் அக்கா வீட்டுக்குப் போய் நின்றுவிட்டேன். கையில் பையும் இல்லை, வேலையும் இல்லை. அக்கா சோறு போட்டாள். உட்கார்ந்து சாப்பிட்டேன். மாமா ஒரு தலையணையை எடுத்துப் போட்டு, “கொஞ்சம் படு மாப்ள, நான் எழுப்புறேன்” என்றார். படுத்தேன். அவர் எழுப்பும்போது ஆபீஸ் மூடுகிற நேரமாகியிருந்தது.