நகரும் மலைக்கு நட்ட குச்சிகள்

அந்த வருஷங்களில் நான் பிள்ளைக் காம்பராவில் வேலை பார்த்தேன். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் நீளமான அறை அது. ஒரே கூரையின் கீழ் தோட்டத்து ஆட்கள் குடியிருந்த எங்கள் லயத்தின் கடைசி வீட்டை ஒட்டி இருந்தது. உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். பால் குடித்துப் பிள்ளைகள் தூங்கிவிட்டால் வாசற்படியில் உட்கார்ந்து, எதிரே ஏறிப் போகும் தேயிலை மலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கொட்டகலைப் பக்கமிருந்து பனிமூட்டம் வரும். மலையில் பாதி காணாமல் போகும், கொஞ்ச நேரத்தில் திரும்பி வரும். அந்த மலை நகர்கிறது என்று ஒருத்தர் வந்து சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. அது போவதையும் வருவதையும் நான்தான் தினமும் பார்க்கிறேனே!

சொன்னவர் யாழ்ப்பாணத்துக்காரர், மண்ணையும் பாறையையும் ஆராய்ச்சி செய்கிறவர். முந்தின மழைக்காலத்தில் பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒரு சரிவு இறங்கி ரோட்டை மூடியிருந்தது. எங்கள் மலையிலும் மேலே ஓரிடத்தில் தரை வெடித்திருந்ததால் தோட்டத்துத் துரை அவரை வரவழைத்திருந்தார். மெலிந்த மனிதர். தலைக்கு மிஞ்சிய தொப்பி ஒன்று போட்டிருப்பார். அட்டைக்கு அப்படிப் பயப்படுவார். அது கடிக்காமல் காலில் தேய்க்கச் சவர்க்காரக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டே மலை ஏறுவார். பிள்ளைக் காம்பரா வாசலில்தான் வந்து மூச்சு வாங்குவார் என்பதால் அவருக்குத் தேத்தண்ணி கொடுப்பது என் வேலையாயிற்று.

"மலை எப்பிடிங்கய்யா நடக்கும்? காலா இருக்கு?" என்று கேட்டேன்.

"கால் வேண்டாம் தங்கச்சி. சரிச்சு வைச்ச போத்திலிலை சீனிப்பாணி வழியிறதைப் பாத்திருப்பியள். அதைப்போலத்தான். ஆனா மெத்த மெதுவா. கண்ணுக்குத் தெரியாது, அளந்தால்தான் தெரியும்" என்றார்.

இங்கே வருவதற்கு முன் ஜாவாப் பக்கம் ஒரு எரிமலை அடிவாரத்தில் இருந்தாராம். வெடிப்பதற்கு முன்னால் அந்த மலை மூச்சை உள்ளே இழுத்த மாதிரி லேசாக வீங்குமாம். தண்ணீர் நிரப்பிய நீளமான குழாயைத் தரையில் கிடத்தி, இரண்டு முனையிலும் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்த்தால் வீக்கம் தெரிந்துவிடுமாம். அவர் பேசிக்கொண்டே இருந்தார். எனக்குப் பின்னால் தொட்டில்கள் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. மலையெல்லாம் உயிரோடு மூச்சு விட்டுக்கொண்டிருப்பதாகவும், நாங்கள் ஏதோ ஒன்றின் முதுகில் அடுப்பு மூட்டிச் சோறாக்கிக்கொண்டிருப்பதாகவும் அன்றைக்கு எனக்குத் தோன்றியது. பயமாக இல்லை. கேட்க நன்றாக இருந்தது.

அவர் செய்த வேலை இதுதான். சரிவின் இரண்டு ஓரங்களிலும் அசையாத பாறை இருந்தது. அந்தப் பாறைகளில் பக்கத்துக்கு ஒரு இரும்புக் கம்பியை இறுக்கினார். இரண்டு கம்பிக்கும் நடுவே, மலைக்குக் குறுக்காக, ஒரே நேர்கோட்டில் வெள்ளை பூசிய மரக்குச்சிகளை அடித்தார். மண் நகர்ந்தால் குச்சிகளும் சேர்ந்து கீழே போகும், கோடு தொய்ந்துவிடும். மாதத்துக்கு ஒருமுறை வந்து கருவியின் வழியே பார்ப்பார். கோடு தொய்ந்தால் லயத்தைக் காலி பண்ண வேண்டும். மழைக்காலம் வரைக்கும் நேராகவே நின்றால் நாங்கள் அங்கேயே இருக்கலாம்.

அந்தக் கோடு நேராகவே நிற்க வேண்டுமென்று நான் கும்பிடாத சாமியில்லை. காரணம் என் அப்பா.

அம்மா போன பிறகு எங்கள் லயத்து வீட்டில் நானும் அப்பாவும்தான். அவருக்கு மறதி வந்திருந்தது. முதலில் பெயர்கள் போயின, பிறகு கிழமைகள், அதன் பிறகு சாப்பிட்டாரா இல்லையா என்பதே போய்விட்டது. தோட்டத்து டொக்டரையா நல்ல மனிதர், ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

"இதுக்கு மருந்து இல்லம்மா. பழகின எடத்துலயே வச்சுக்கிருங்க. கையும் காலும் மனப்பாடமா வச்சிருக்கிறத வச்சுத்தான் நடமாடுறாரு. எடத்த மாத்துனீங்க, அதுவும் போயிரும்."

அவர் சொன்னது உண்மைதான். அப்பா அந்த வீட்டைக் கையால் படித்து வைத்திருந்தார். வாசல் திண்ணையான இஸ்தோப்பில் எழுந்து சுவரைத் தடவிக்கொண்டே போவார், லாந்தர் மாட்டும் ஆணியில் கை பட்டதும் திரும்புவார், அங்கே வாசல் இருக்கும். மலைத்தண்ணீர் குழாயில் விழும் பீலிக்கரைக்குப் போய்க் குளித்துவிட்டுத் தனியே திரும்பி வருவார். என்னை எப்போதாவது யாரென்று பார்ப்பாரே தவிர, அந்த வீட்டில் ஒருநாளும் தடுமாறியதில்லை. அதை அவரிடமிருந்து பிடுங்கினால் மிச்சம் என்ன இருக்கும்?

மாதங்கள் போயின. குச்சிகள் நேராகவே நின்றன. ஒரு நூல் பிசகில்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆராய்ச்சிக்காரருக்கோ தலைவலி. ஏனென்றால் மேலே வெடிப்பு அகலமாகிக்கொண்டே போயிற்று. லயத்துச் சுவரில் விழுந்த விரிசலின் குறுக்கே அவர் சிமெந்தால் ஒட்டி வைத்திருந்த கண்ணாடித் துண்டு பட்டென்று உடைந்திருந்தது. எங்கள் கதவும் நிலையில் பிடித்துக்கொண்டு, தோளால் முட்டினால்தான் திறந்தது.

"மேலயும் அசையுது, கீழயும் அசையுது, நடுவிலை மட்டும் அசையேல்லை. இது என்ன விளையாட்டு தங்கச்சி?" என்று என்னிடமே கேட்டார்.

"எங்களுக்கு என்னாங்கய்யா தெரியும்? குச்சிதான் நேரா நிக்குதே. நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்களேன்."

அவர் சிரித்தார். ஆனால் அடுத்த மாதமே ஒரு புதுக் கொள்கையோடு வந்தார். தேயிலை வேர்கள் பின்னிக்கொண்டு மேல்மண்ணைப் பாய் போலப் பிடித்து வைத்திருக்கின்றனவாம், அடியில் இருக்கும் மண் மட்டும் வழுக்கிக்கொண்டு போகிறதாம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத விஷயமாம். தேத்தண்ணி ஆறுவது தெரியாமல் கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். நானும் வேருக்கு நன்றி சொல்லிக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு வெளியே வந்தால் இஸ்தோப்பில் அப்பாவைக் காணோம். பீலிக்கரையிலும் இல்லை. என்னோடு வேலை பார்த்த அக்காவிடம் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லிவிட்டு மலையில் ஏறினேன். பனிமூட்டம் கவிந்திருந்தது. பத்தடி தள்ளி எதுவும் தெரியவில்லை. கூப்பிட்டுக்கொண்டே போனேன். என் சத்தம் எனக்கே தூரத்திலிருந்து கேட்டது.

முதலில் ஒரு கயிறுதான் தெரிந்தது. ஓரத்துப் பாறையில் இருந்த இரும்புக் கம்பியில் கட்டி, விறைப்பாக இழுத்து, மலைக்குக் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனேன். நடுவில் அப்பா மண்டி போட்டிருந்தார். ஒரு கண்ணை மூடி, கயிற்றோடு கண்ணை ஓட்டிப் பார்த்தார். ஒரு குச்சியை ஆட்டிப் பிடுங்கினார். கயிற்றுக்கு நேராக மேலே தள்ளி நட்டு, கல்லால் நாலு தட்டுத் தட்டி, குதிகாலால் மண்ணை மிதித்தார். பழைய குழியில் ஒரு பிடி புல்லைத் திணித்து அமுக்கினார். அடுத்த குச்சிக்குப் போனார்.

"கயித்த மிதிக்காத புள்ள!" என்று என்னைப் பார்த்து ஒரு அதட்டல்.

"என்னாப்பா செய்றீங்க?"

"பாத்தா தெரியல? எவனோ கோணலும் மாணலுமா அடிச்சு வச்சிருக்கான். பெரிய கங்காணி கண்ணுல பட்டா தோல உரிச்சிருவாரு. இதுல எப்பிடிக் கன்னு வக்கிறது?"

அப்பா இளவயசுக் காலம் முழுக்கப் புதுமலை வைக்கும் கூட்டத்தில் இருந்தவர். காடு வெட்டின மண்ணில் கயிறு பிடித்துக் குச்சி அடித்து, அந்தக் குச்சிக்குக் குச்சி தேயிலைக் கன்று வைப்பார்கள். ஒரு குச்சி கோணினாலும் அன்றைய பெயர் போய்விடும், கூலி கிடையாது. பிடுங்கின குழியில் யாரும் கால் வைத்துவிடாமல் புல்லால் அடைப்பதும் அந்தக் கூட்டத்துப் பழக்கம். என் பெயரை மறந்தவர் அதை மறக்கவில்லை. அந்தப் பனியில் அவர் முகம் அத்தனை தெளிவாக இருந்தது. இளவட்டம் மாதிரி இருந்தார். நான் கயிறு அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கொஞ்ச நேரம் நான் ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

பிறகுதான் குனிந்து தரையைப் பார்த்தேன். ஒவ்வொரு குச்சிக்கும் கீழே புல் அடைத்த குழிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிப் போயின. புதிய புல், வாடிய புல், அதற்கும் கீழே கறுத்து மக்கிய புல். கோடு தொய்ந்த ஒவ்வொரு தடவையும் அப்பா மேலே வந்து அதை நேராக்கியிருக்கிறார். மலை நின்ற இடத்தில் நிற்கவே இல்லை. நான் கும்பிட்ட சாமி, ஆராய்ச்சிக்காரர் பாராட்டின வேர், எல்லாம் என் அப்பாதான்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்று கேட்டால் மலைமேல்தான். இத்தனை மலை இருக்க, இந்த மலைதானா நடக்க வேண்டும்? சொல்லிவிட்டால் வீடு போய்விடும், வீடு போனால் அப்பா போய்விடுவார். பிள்ளைக் காம்பராவுக்குள் நுழைந்தபோது ஒரு பிள்ளை விழித்துக்கொண்டு தொட்டில் சேலையை விலக்கி என்னைப் பார்த்துச் சிரித்தது. மற்றதெல்லாம் தூங்கிக்கொண்டிருந்தன. அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் சொல்லி, ஆராய்ச்சிக்கார ஐயாவை உடனே வரச்சொல்லி ஆள் அனுப்பினேன்.

மறுநாளே வந்துவிட்டார். கூட்டிப்போய்க் குழிகளைக் காட்டினேன். தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டார்.

"என்ரை கொள்கையும் போச்சுது" என்றார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் சட்டென்று மண்டி போட்டு, அந்தக் குழிகளுக்கு நடுவே இருந்த தூரத்தை அளக்கத் தொடங்கினார். "உங்கடை ஐயா ஒண்டையும் அழிக்கேல்லை தங்கச்சி. மலை எப்ப எவ்வளவு வந்ததெண்டு எல்லாம் இதிலை கிடக்கு." அளந்து முடித்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "கடைசி ரெண்டு குழிக்கும் நடுவிலை வலு தூரம். வேகம் பிடிச்சிட்டுது. மழைக்கு முன்னம் இங்கையிருந்து எழும்புங்கோ" என்றார்.

துரை முறைத்தார், புது லயம் என்ன மரத்திலா காய்க்கிறது என்றார். ஆனால் ஆராய்ச்சிக்காரர் நகரவில்லை. கடைசியில் அடுத்த சரிவில், பாறைக்குமேல், தகரக் கொட்டகைகள் போட்டுக் கொடுத்தார்கள். அப்பாவை நடத்திக் கூட்டிப் போனேன். முதல் சில நாள் நான் பயந்த மாதிரியே இருந்தது. சுவரைத் தடவிக்கொண்டு போய் மூலையில் நின்றுகொள்வார், திரும்பத் தெரியாது. நான் போய்த் தோளைத் தொட்டுத் திருப்பி விடுவேன். பார்த்துப் பார்த்து அழுதேன். டொக்டரையாவையும் ஆராய்ச்சிக்காரரையும் ஒன்றாக நிற்கவைத்து இரண்டு பேரையும் திட்ட வேண்டும்போல இருந்தது.

மழை பிடித்தது. விடாமல் பெய்த ஒரு மழைக்குப் பிறகு, வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டுக்கு ஆட்கள் கூடியிருந்தபோது மலை இறங்கியது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. நீளமாக ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி கேட்டது. எங்கள் லயம், பிள்ளைக் காம்பரா, பீலிக்கரை எல்லாம் அதற்கு அடியில் போயின. ஒரு உயிருக்கும் சேதமில்லை.

சாயங்காலம் மழை விட்டதும் எல்லோரும் பார்க்கப் போனோம். அப்பாவும் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். எங்கள் வாசல் எந்த இடத்தில் இருந்திருக்கும் என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். எங்கு பார்த்தாலும் ஈரமான சிவப்பு மண். அப்பா குனிந்து ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"நல்ல மண்ணு. கன்னு சும்மா புடிச்சுக்கும்" என்றார். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு, "இங்க ஆளுக குடியிருந்தாங்களா?" என்று கேட்டார்.

"இருந்தாங்கப்பா."

"அவுங்களுக்கு ஒண்ணும் ஆகலியே?"

"ஆகலப்பா. எல்லாரும் முன்னாடியே போயிட்டாங்க."

"நல்ல வேல" என்றார். கையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டு வேட்டியில் துடைத்துக்கொண்டார். "சரி, இருட்டப் போகுது. வா புள்ள, நம்ம வீட்டுக்குப் போவோம்."

என் கையைப் பிடித்தபடி திரும்பி, தகரக் கொட்டகைக்குப் போகும் பாதையில் சரியாக இறங்கினார். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. எனக்குத்தான் அந்த இடத்தை விட்டுக் கால் எழும்பவில்லை.