கோகிலாம்பாள் கொடுத்த மஞ்சள் கடுதாசி

மஞ்சள் கடுதாசி கொடுத்தவர்கள் அருப்புக்கோட்டைப் பக்கத்தில் ஒருவரா, இருவரா? 'கடனைத் தீர்க்க வழியில்லை, நான் திவால்' என்று கோர்ட்டில் எழுதிக் கொடுப்பார்கள். அதற்கு முன்பே வீடு மச்சான் பேருக்கும் நகை கொழுந்தியாள் பெட்டிக்கும் போயிருக்கும். கொடுத்த மறு வருஷம் அதே மகராசன் மோட்டார் சைக்கிளில் டவுனைச் சுற்றுவான். யார் கேட்பது? ஆனால் கோகிலாம்பாள் கொடுத்தாளே ஒரு மஞ்சள் கடுதாசி, அது வேறு சங்கதி.

புருஷன் போன பிறகு அவனுடைய மிளகாய் வத்தல் கமிஷன் கடையை அவள்தான் நடத்தினாள், பந்தல்குடி ரோட்டோரத்தில். பரளச்சிப் பக்கத்துச் சம்சாரிகள் தங்கள் காட்டில் விளைந்த வத்தலை மூட்டை கட்டி அங்கே கொண்டுவருவார்கள். வெளியூர் வியாபாரி வந்து பார்த்து விலை பேசுவான். பணம் உடனே வராது. லோடு போய் விற்ற பிறகுதான். அதுவரை சம்சாரிக்கு என்ன உத்தரவாதம் என்றால், கமிஷன் கடைக்காரர் "நான் பொறுப்பு" என்று சொல்லும் ஒரே வார்த்தைதான். காகிதம் கேட்பது மரியாதைக்குறைவு.

ஆண்கள் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். எதிராளி எவ்வளவு கேட்டான், இவர் எந்த விலைக்கு ஒத்துக்கொண்டார் என்பது பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. கோகிலாம்பாள் பொம்பளை, எவன் விரலை எந்தத் துண்டுக்குள் பிடிப்பது? அதனால் விலையையும் பொறுப்பையும் வாய்விட்டுத்தான் சொல்லுவாள். சும்மா இல்லை, எட்டுக்கட்டைத் தொண்டை! எதிர்த்த டீக்கடைக்காரன் கையில் டம்ளர் ஆடும்.

அறுபத்தேழாம் வருஷம் வந்தது வினை. வழக்கமாக வாங்கும் வியாபாரி ஒருவன் இரண்டு லாரி லோடு ஏற்றிக்கொண்டு போனான், போனவன் கம்பி நீட்டிவிட்டான். தேடிப் போன இடத்தில் பூட்டுத்தான் தொங்கியது. பாவி, எத்தனை பேர் வயிற்றில் அடித்தான்! அதே சமயத்தில் அவளுக்கு வட்டிக்குக் கொடுத்திருந்த சண்முகவேல், தினம் எதிர்த்த டீக்கடையில் உட்காரும் மனுஷன், புரோநோட்டைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போய்விட்டார். மழை பொய்த்த வருஷம் சம்சாரிகளுக்கு விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் கொடுக்க அவள் வாங்கிய கடன் அது.

வக்கீல் வேதநாயகம் கணக்கைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அம்மா, நீங்க பயப்படுற அளவுக்கு ஒண்ணுமில்லையே. வீட்டை வித்தா சண்முகவேலுக்குக் கொடுத்ததுபோக மிச்சமே இருக்கும். மஞ்சள் கடுதாசி எதுக்கு?"

"பரளச்சிக்காரங்க பணம்?"

"அவுக கையில ஏதாச்சும் எழுத்து இருக்கா?"

"எழுத்து ஏது? நான் சொன்னதுதான்."

"அப்ப சட்டப்படி உங்க கடன்னு அவுகளால நிரூபிக்க முடியாது. விட்டுருங்க."

"விட்டுட்டு எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு அந்த ரோட்டுல நடக்க? அவுக பேரையும் எழுதுங்கய்யா. இருக்கிறதை எல்லாருக்கும் பங்கு வைக்கட்டும்." சொல்லிவிட்டுக் காதில் கிடந்த தோட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "இதையும் சொத்துல சேருங்க."

வேதநாயகம் பேனாவை எடுத்தார். சொத்தை ஒளிக்க வழி கேட்டுத்தான் அதுவரை அவரிடம் ஆள் வந்திருக்கிறது. எழுத்தில் இல்லாத கடனை இருக்கிறது என்று அடம்பிடித்து ஒருத்தி வந்தது அதுவே முதல் தடவை.

மஞ்சள் கடுதாசி கொடுப்பவன் ஊரில் தலைகாட்ட மாட்டான். இவளோ கோர்ட்டு நோட்டீஸ் போவதற்கு முன்பே பஸ் ஏறிப் பரளச்சிக்குப் போனாள். அந்த லோடில் வத்தல் போட்டிருந்த சம்சாரி தவசி வீட்டு வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னாள். மகள் கல்யாணத்துக்கென்று அவன் நம்பியிருந்த வத்தல் பணம் அது.

"நம்பித்தானேக்கா போட்டோம்!" என்றான் தவசி. "இப்பப் புள்ளைய நான் எப்படிக் கரையேத்த?"

"முழுசாத் தர முடியல தவசி. உள்ளதை எல்லாத்தையும் வச்சுட்டேன். கோர்ட்டுக்கு வந்து உன் பங்கைக் கேளு."

உட்காரச் சொல்லவில்லை அவன். அவளும் எதிர்பார்க்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். அத்தனை பேர் பார்க்க அவள் அழுதது அன்றைக்குத்தான்.

கோர்ட்டில் சண்முகவேலின் வக்கீல் குதி குதியென்று குதித்தார். பரளச்சிக் கடன் அத்தனையும் பொய், வீட்டுப் பணத்தைத் தன் ஆட்களுக்கே திருப்பிவிட இந்த அம்மா பொய்ப் பேர்களை இட்டுக்கட்டியிருக்கிறார் என்றார். அப்படி மோசடி பண்ணுகிறவர்கள் உண்டுதானே, ஜட்ஜுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. காகிதம் இருக்கிறதா என்று கேட்டார்.

"இல்லீங்கய்யா. நான் பொறுப்புன்னு சொன்னேன்."

"சொன்னதற்கு யார் சாட்சி?"

கோகிலாம்பாள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். தவசியும் மற்றவர்களும் சுவரோரம் நின்றார்கள். ஆனால் பணம் வாங்க வேண்டியவர்களே சொல்லும் சாட்சியை யார் நம்புவார்கள்? அவர்கள் கிட்டே கொடுத்த வார்த்தை இங்கேயே செத்துப்போகும்போல இருந்தது.

வேதநாயகம் எழுந்தார். சண்முகவேலையே கூண்டில் ஏற்றச் சொன்னார்.

"லோடு ஏத்தின அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"எதிர்த்த டீக்கடையில."

"இந்த அம்மா என்ன விலை சொன்னாங்க, என்ன பொறுப்புச் சொன்னாங்க, உங்க காதுல விழுந்துச்சா?"

சண்முகவேல் தன் வக்கீலைப் பார்த்தார். பிறகு சுவரோரம் நின்ற பரளச்சிக்காரர்களைப் பார்த்தார். வட்டியில் ஈவிரக்கம் இல்லாத மனுஷன்தான். ஆனால் சத்தியம் பண்ணிவிட்டுப் பொய் சொல்லப் பயந்த மனுஷன்.

"விழுந்துச்சு," என்றார் எரிச்சலோடு. "அந்தத் தொண்டைக்கு விழாம எப்படி இருக்கும்? தவசி பேரைச் சொல்லி, விலையைச் சொல்லி, 'நான் பொறுப்பு'ன்னு ஊரையே கூட்டுனாளே! 'கொஞ்சம் மெதுவாப் பேசு ஆத்தா'ன்னு நானே சத்தம் போட்டேன்."

கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜ் அவள் கொடுத்த கடன் பட்டியலை அப்படியே ஏற்றுக்கொண்டார்.

வீடு போனது, தோடு போனது. எல்லாருக்கும் ரூபாய்க்குப் பாதிக்கு மேல் கிடைத்தது. தவசி மகளுக்குச் சின்னதாக ஒரு கல்யாணம் நடந்தது. கோகிலாம்பாளுக்கு அழைப்பு வரவில்லை. அவள் ஒரு வாடகை அறையில் இருந்துகொண்டு, இன்னொருவர் கடையில் கூலிக்கு எடை போட்டாள். பழைய சம்சாரிகள் சிலர் வந்து, "ஒரு வார்த்தை சொல்லுக்கா, வெளியூர்க்காரனை நம்பி எப்படிக் கொடுக்க?" என்று கெஞ்சுவார்கள். முடியாது என்று தலையை ஆட்டிவிடுவாள். "கோர்ட்டு திவால்லருந்து விடுற வரைக்கும் என் வார்த்தைக்கு மதிப்பில்லப்பா. ரொக்கத்தை எண்ணி வாங்கிக்க."

எழுபத்திரண்டில் கோர்ட்டு அவளைத் திவாலிலிருந்து விடுவித்தது. வேதநாயகம் ஆளனுப்பித் தகவல் சொன்னார். அதற்கு அடுத்த வாரம் அவள் எடை போடும் கடைக்குத் தவசி வண்டியில் வத்தலோடு வந்தான். மதுரை வியாபாரி நல்ல விலைதான் கேட்டான், ஆனால் பணம் லோடு போன பிறகு என்றான். தவசி தராசைப் பிடித்திருந்த அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"நான் பொறுப்பு," என்றாள். அந்தப் பெரிய தொண்டையிலிருந்து பாதிக் குரல்தான் வந்தது.

"கேக்கலக்கா," என்றான் தவசி. அவன் கண் கலங்கியிருந்தது. "எப்பவும்போலச் சொல்லு."

எதிர்த்த டீக்கடை வரை கேட்கும்படி அவள் சொன்னாள். தவசி மூட்டைகளை லாரியில் ஏற்றச் சொன்னான்.