அப்பாவைப் பற்றி அம்மா எழுதிய அறிக்கைகள்

அம்மாவின் முப்பத்தோராம் நாள் நினைவாக அச்சிடும் அந்தியேட்டி மலருக்கு அவரைப் 'பொறுமையின் சிகரம்' என்று எழுதித் தரும்படி உறவினர் ஒருவர் கேட்டார். அம்மா பொறுமைசாலி அல்லர். முட்டாள்தனத்தை அவர் ஒருநாளும் பொறுத்ததில்லை. ஆகவே நடந்ததையே எழுதுகிறேன்.

அம்மா யாழ்ப்பாணத்து வடமராட்சியில் ஓர் ஆசிரியரின் இரண்டாவது பிள்ளையாகப் பிறந்தார். அவருடைய தமையன், எங்கள் பெரிய மாமா, கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். கட்சியின் சிபாரிசில்தான் அம்மாவுக்குக் கிழக்கு ஜேர்மனியில் மருந்தியல் படிக்க இடம் கிடைத்தது. தமையன் சொன்னதையெல்லாம் நம்பி, தொழிலாளரின் சொர்க்கத்தைப் பார்க்க லைப்சிக் போய் இறங்கினார். சொர்க்கத்தில் வெங்காயத்துக்கும் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது.

அங்கேதான் அப்பாவைக் கண்டு விரும்பினார். அப்பா அந்நாட்டவர், இராணுவத்தில் துப்பாக்கி தூக்க மறுத்தவர். சுவரும் முள்வேலியும் காவல்நாய்களும் வைத்திருந்த ஓர் அரசு, அந்த ஒல்லி மாணவனைக் கண்டு பயந்தது.

ஒருநாள் இரகசியப் பொலிஸ் அதிகாரி ஒருவர் அம்மாவை அழைத்தார். "உங்கள் நண்பர் யாரைச் சந்திக்கிறார், என்ன பேசுகிறார் என்று வாரந்தோறும் எழுதித் தாருங்கள். மறுத்தால் உங்கள் படிப்பு நின்றுவிடும். சிபாரிசு செய்த உங்கள் அண்ணனுக்கும் அவமானம்."

ஒரு பக்கம் படிக்க அனுப்பிய தமையன், மறுபக்கம் அப்பா. இரண்டு வாரம் அதிகாரிக்குத் தவணை சொன்னார். பிறகு எல்லாவற்றையும் அப்பாவிடமே சொன்னார். இருவரும் ஒரே மேசையில் இருந்து அறிக்கை எழுதினார்கள். 'சந்தேகநபர் இன்று மூன்று முறை தும்மினார். உருளைக்கிழங்கை உப்பில்லாமல் உண்கிறார். காரணம் தெரியவில்லை.'

நான்கு மாதமாக அந்த மேதாவிகள் இவற்றுக்கு முத்திரை குத்திச் சேர்த்து வைத்தார்கள். தம்மை ஒரு பெண் கேலி செய்கிறாள் என்பது விளங்கிச் சில வாரம் கழித்து, மூன்று நாளில் நாட்டைவிட்டுப் போகச் சொன்னார்கள். அப்போது நான் அம்மாவின் வயிற்றில் இருந்தேன்.

ஊருக்குத் திரும்பி, தாலியில்லாமல் பிள்ளை பெற்றவரை ஊர் என்ன சொல்லியிருக்கும் என்பதை, சொன்னவர்களே அறிவார்கள். பெரிய மாமா எங்கள் வாசலுக்கும் வரவில்லை. எனக்கு ஏழு வயதில், யுத்தம் எங்களைத் துரத்தியது. அக்காலத்தில் அகதிகள் போன வழி கிழக்கு பேர்லின். கொள்கைக்காக அம்மாவைத் துரத்திய அதே அரசு, இப்போது அவருக்கு விசாவை விற்று மேற்கே தள்ளிவிட்டது. கடவுச்சீட்டைப் பார்த்த அதிகாரி, முன்பு இங்கே வந்ததுண்டா என்று கேட்டார்.

"படிக்க வந்தேன்," என்றார் அம்மா. "போதிய அளவு படித்துவிட்டேன்."

மேற்கு ஜேர்மனியின் டுசல்டோர்ஃபில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்து அம்மா என்னை வளர்த்தார். பேர்லின் சுவர் விழுந்த இரண்டாவது வாரம், அம்மா கடிதத்தில் எழுதிய முகவரியைத் தேடி அப்பா ஒரு பையோடு வாசலில் வந்து நின்றார். அடுத்த மாதமே திருமணம். மேற்கு ஜேர்மனியை வாழ்நாள் முழுதும் திட்டிய பெரிய மாமாவும் பின்னர் இங்கேயே வந்து சேர்ந்தார். அவருடைய அகதி விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவர் அம்மா.

சில ஆண்டுகளுக்கு முன் அம்மா, இரகசியப் பொலிஸ் தன்னைப் பற்றி வைத்திருந்த பழைய கோப்பைப் பார்க்க அனுமதி பெற்றார். தும்மல் அறிக்கையின் கீழ் சிவப்புக் கோடு இருந்தது. அதன் பின்னால் தமிழில் ஒரு கடிதம். உன் தங்கையை மன்னித்துப் படிக்க விடலாமா என்று அவர்கள் கட்சி மூலம் கேட்டதற்குப் பெரிய மாமா எழுதிய பதில்: 'அனுப்பிவிடுங்கள். கட்சியின் முடிவே என் முடிவு.'

அன்றே அம்மா தொலைபேசி எடுத்தார்.

"அண்ணை, என்னை அனுப்பச் சொல்லி எழுதினது நீங்களோ?"

"கட்சி கேட்டது, பிள்ளை. வேற என்ன செய்யிறது?"

"வச்சிருக்கவோ எண்டுதானே கேட்டவங்கள். ஓம் எண்டு எழுத ஏலாமல் போச்சோ?"

அம்மா தொலைபேசியை வைத்தார். "கோவிக்கவும் மனம் வரேல்லை," என்று என்னிடம் சொன்னார். "அவ்வளவு சின்ன ஆள்."

புற்றுநோயோடு அம்மா எட்டு மாதம் இருந்தார். அப்பா ஒருநாளும் பக்கத்தை விட்டு அகலவில்லை. இறுதிக் கிரியையில் பெரிய மாமா ஒலிவாங்கியைப் பிடித்து, "என்ர தங்கச்சி கடைசிவரைக்கும் கொள்கைக்கு உண்மையா இருந்தவள்," என்றார். அப்பா எழுந்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "இல்லை. எனக்கு உண்மையா இருந்தவ."

அம்மாவைப் பராமரித்த தாதியருக்கும், எட்டு மாதமும் எங்களுக்குச் சமைத்துத் தந்த அயலவருக்கும், மலர்வளையத்தோடு வந்த சமையலறைத் தோழிகளுக்கும் எங்கள் நன்றி. பெரிய மாமாவின் பெயர் இங்கே இல்லை. அது அச்சுப்பிழை அன்று.