என் சாமைப் பிள்ளை

எட்டு வயதில் எனக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். ஒரு வயதுத் தம்பியை அம்மாவைப் போல முதுகில் சுமக்க வேண்டும். கல்வராயன் மலையில் எங்கள் ஊர்ப் பெண்கள் பிள்ளையைத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டுதான் கொல்லைக்குக் களையெடுக்கப் போவார்கள். நான் அழுது செய்த ஆர்ப்பாட்டத்தில் அம்மா இறங்கிவந்தாள். அப்பாவின் பழைய சட்டையை வெட்டி, முதுகில் ஒரு பையும் மார்பில் குறுக்கே கட்ட இரண்டு நாடாவும் வைத்து, என் அளவுக்கு ஒன்று தைத்தாள். அழுதே சாதித்துவிட்டதாக எனக்கு ஒரே பெருமை.

ஆனால் பைக்குள் அவள் வைத்தது தம்பியை அல்ல, ஒரு துணிப் பொம்மையை. உள்ளே சாமையை நிரப்பியிருந்தாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மூன்று நாள் அந்தப் பொம்மையோடு பேசவில்லை. நான்காம் நாள் மனசு கேட்கவில்லை, எடுத்துக் கட்டிக்கொண்டேன்.

வாரத்துக்கு ஒருமுறை அம்மா பொம்மையின் தையலைப் பிரித்து, இன்னும் இரண்டு கை சாமை போட்டுத் தைப்பாள். என் பிள்ளை சோறு தின்கிறது என்று நம்பினேன். நாடா தோளில் அறுத்தபோது, அந்த இடத்தில் பழைய துண்டை மடித்து வைத்துத் தைத்துக் கொடுத்தாள். பக்கத்து வீட்டில் இருந்த மாமா, அம்மாவின் அண்ணன், என்னைப் பார்க்கும்போதெல்லாம் வம்புக்கு இழுப்பார்.

"இன்னாடி, உம்புள்ள இப்பிடி ஊதிக்கினு போவுது? சோத்த கொஞ்சம் கம்மியா போடு."

அம்மா சிரிக்கமாட்டாள். ஏற்றத்தில் நட, இறக்கத்தில் நட, குனிந்து தண்ணீர் மொண்டு வா என்று ஏவுவாள். விளையாட்டில்கூட வேலை வாங்குகிறாளே என்று எரிச்சலாக வரும்.

ஒரு சாயங்காலம் பொம்மையை எடுத்துவிட்டுத் தம்பியையே பைக்குள் வைத்தாள். வாசலை இரண்டு சுற்று நடந்தேன். அவன் என் பின்னந்தலை முடியைப் பிடித்து இழுத்தான்.

"கனமாவா கீது?" என்றாள் அம்மா.

"பொம்மையவிட கம்மிதாம்மா."

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண்ணெல்லாம் தண்ணீர். மறுநாள் விடியலில் அவளும் அப்பாவும் குடகுக்குக் காப்பிப் பழம் பறிக்க வேன் ஏறப்போகிறார்கள், திரும்பிவர நாலைந்து மாதமாகும், மாமாவும் அத்தையும் கொல்லைக்குப் போகும் நேரமெல்லாம் தம்பி என் பொறுப்பு என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவனைத் தூக்கும் வேலை கைவிட்டுப் போனதால் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். பாவமாக இருந்தது.

"அழாதம்மா. நாளைக்குக் காலைல நீயே தூக்கிக்க."

"சரிங்க" என்றாள் அம்மா, பெரிய மனுஷிக்குச் சொல்வதுபோல.