ஒரு மணிச் சங்கும் நாற்பது இலைகளும்

போன திங்கட்கிழமை மைமூன் லாத்தா போன் செய்தார்.

"நாளைக்குப் பன்னெண்டே முக்காலுக்கு இங்கன வந்துட்டுப் போ தாயி."

"என்ன லாத்தா, ஏதாவது விசேஷமா?"

"நீயே வந்து பாரு."

போனை வைத்துவிட்டார்.

மைமூன் லாத்தா திருநெல்வேலி பேட்டையில் மெஸ் நடத்துகிறார். (பெயரை மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது இதைப் படித்து முடிக்கும்போது புரியும்.) தொழிற்பேட்டைப் பட்டறைகளில் வேலை செய்கிறவர்களுக்கு மதியச் சாப்பாடு. ஒரே கூடம், நான்கு வரிசை பெஞ்சு, நாற்பது இலை. பட்டறைக்காரர்கள் எல்லாரும் அவரை 'லாத்தா' என்றே கூப்பிடுகிறார்கள். அக்கா என்று அர்த்தம்.

என் வேலை, பட்டறைகளில் செய்யும் உதிரிபாகங்களை அளந்து பார்த்துச் சான்று கொடுப்பது. அளப்பது பழகிவிட்டால் சும்மா சாப்பிட முடியாது. ஹோட்டல்களுக்கும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன் என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். ருசிக்கு ஐந்து, இடத்துக்கு ஐந்து, கொடுத்த காசுக்குத் தகுதியா என்பதற்கு ஐந்து. எல்லாவற்றையும் செல்போனில், எல்லாரும் பார்க்கும் ஒரு ஆப்பில் எழுதிவிடுவேன். திருநெல்வேலியில் முக்கால்வாசிக் கடைகள் என்னிடம் பன்னிரண்டைத் தாண்டியதில்லை.

மூன்று வாரம் முன்பு ஒரு பட்டறைக்கு அளக்கப் போனபோது, அங்கிருந்தவர்கள்தான் லாத்தா மெஸ்ஸுக்கு அழைத்துப் போனார்கள். அன்று பார்த்ததை எப்படிச் சொல்வது...

பன்னிரண்டு ஐம்பதுக்கு இலை விழுந்துவிட்டது. ஐம்பத்தைந்துக்குக் கூட்டும் அப்பளமும். ஒரு மணிக்குத் தொழிற்பேட்டைச் சங்கு ஊதும்போது லாத்தா சோற்றை வடித்து நிமிர்கிறார். கை கழுவி நாற்பது பேர் உட்காரவும், ஆவி பறக்கச் சோறு வரவும் சரியாக இருந்தது. பின்னாலேயே பருப்பும் காயும் போட்ட தாளிச்சா. பிறகு புளியாணம். அது அவர்கள் வீட்டு ரசம். கடைசியில் மோர்.

யாரும் "சோறு!" என்று கத்தவில்லை. பரிமாறும் இரண்டு பெண்களும் முகத்தைப் பார்ப்பதே இல்லை. கையைத்தான் பார்க்கிறார்கள். சோற்றின் நடுவில் குழி விழுந்தால் புளியாணம். விரல் இலையின் ஓரத்துக்குப் போனால் கூட்டு. உள்ளங்கை குறுக்கே வந்தால் 'போதும்' என்று அர்த்தம்.

இருபத்திரண்டு நிமிடம். நாற்பது பேரும் வயிறு நிறைந்து எழுந்துவிட்டார்கள். பட்டறை கேட்டை ஒன்றரைக்குச் சாத்திவிடுவார்கள். பிந்தினால் அரைநாள் சம்பளம் போச்சு. அதற்கு ஏற்றபடி அமைந்த சமையல் இது. நான் இன்ஜினியரிங் படித்த நான்கு வருடத்தில் இவ்வளவு சுத்தமாக ஓடும் ஒரு உற்பத்தி வரிசையை யாரும் எனக்குக் காட்டியதில்லை!

தாளிச்சாவைப் பற்றி மட்டும் ஒரு பத்தி எழுதினேன். ருசி ஐந்து. இடம் நான்கு. காசு ஐந்து. மொத்தம் பதினான்கு.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருவோம்.

மெஸ் வாசலில் ஐந்து கார் நின்றது. உள்ளே நாற்பது இலைக்கு முன்னாலும் ஆள். டவுனிலிருந்து வந்த குடும்பங்கள், காலேஜ் பிள்ளைகள், அப்பளத்துக்கு விளக்குப் பிடித்து வீடியோ எடுக்கும் ஒருவர்... எல்லாரும் என் பதினான்கைப் பார்த்து வந்தவர்கள். முதலில் பெருமையாகத்தான் இருந்தது. மறைப்பானேன்?

சங்கு ஊதியது.

எண்ணெய்க் கறைச் சட்டைகள் வாசலில் வந்து நின்றன. முன்னால் முருகன் அண்ணாச்சி, கடைசல் பட்டறையில் லேத் ஓட்டுபவர். காலை எட்டு மணியிலிருந்து நின்றே வேலை பார்ப்பவர். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏ லாத்தா, கல்யாண வீடு மாதிரில்லா இருக்கு! மொய் எங்கன எழுதணும்?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "சும்மா நில்லும் வே. நமக்கு ரெண்டாம் பந்தி."

சிரித்தார்கள். ஆனால் கண்ணெல்லாம் கடிகாரத்தில்.

ஒன்று ஐந்து. ஒன்று பத்து. டவுன்காரர்கள் நிதானமாகச் சாப்பிட்டார்கள். தாளிச்சாவைப் படம் எடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? 'அவசரப்படாமல் ரசித்துச் சாப்பிடுங்கள்' என்று எழுதியதே நான்தான்.

லாத்தாவிடம் ஓடினேன்.

"கொஞ்சம் பேரை அப்புறம் வரச் சொல்லலாமே லாத்தா?"

"இலை முன்னால உக்காந்தாச்சு. உக்காந்த ஆள எந்திரின்னு எப்படிம்மா சொல்லுவேன்? நாளைக்கு அல்லாஹ்வுக்குப் பதில் சொல்லணும்லா?"

"வாசல்ல ஒரு போர்டு?"

"உனக்குச் சோறு இருக்கு, உனக்கு இல்லன்னு போர்டு எழுதவா?"

ஒன்று பதினைந்துக்கு முருகன் அண்ணாச்சி திரும்பி நடந்தார். டீக்கடையில் பன் வாங்கினார். கூட இன்னும் பதினோரு பேர். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"நீங்கதான எழுதுனது?" என்றார். "எம் மவ வாசிச்சுக் காட்டினா. நல்லா எழுதியிருந்திய. கேக்கக் கேக்க வாயில தண்ணி ஊறிச்சு." பன்னைக் கடித்தார். "இப்பமும் அதான் ஊறுது."

அதில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. அந்தப் பன்னை வைத்துக்கொண்டு அவர் ஆறு மணி வரை நிற்க வேண்டும்.

இரண்டு மணிக்குக் கூட்டம் கலைந்தது. லாத்தா என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"ஆறு நாளா இப்படித்தான் நடக்குது. நீ ஒண்ணு செய்யி. சாப்பாடு நல்லா இல்லன்னு எழுதிரு."

"அது பொய் லாத்தா!"

"சரி, உப்பு கூடுதல்னு எழுது."

"அதுவும் பொய்தான்."

"நாளைக்குக் கூடப் போட்டுக் காட்டுதேன். உண்மையாயிரும்லா?" சொல்லிவிட்டு அவரே தலையை ஆட்டினார். "வேண்டாம், வேண்டாம். ஒண்ணு ரெண்டு பட்டறைக்காரனாவது அதச் சாப்பிடணும்லா."

எனக்குத் தெரிந்த ஹோட்டல்காரர்கள் அரை மதிப்பெண் குறைந்தாலே சண்டைக்கு வருவார்கள். இவர் பதினான்கையும் திருப்பிக் கொடுக்கிறார்! கூட்டம் வந்தால் பெஞ்சைக் கூட்டலாம், விலையை ஏற்றலாம் என்று நான் இழுத்தேன்.

"காருல வாறவங்க ஒரு நாள் வருவாங்க. பாளையங்கோட்டையில நல்லாருக்குன்னா அங்க போவாங்க. அவங்களுக்கு ஊரெல்லாம் கடை இருக்கு. இவனுவளுக்கு அரை மணி நேரந்தான இருக்கு?"

சாதாரணக் குரலில்தான் சொன்னார். எச்சில் இலைகளைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். நான் கையிலிருந்த செல்போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

கடையை மதிப்பிடுகிறோம் என்று கிளம்பும் என்னைப் போன்றவர்கள், நாம் உட்காரும் இடம் காலியாக இருந்தது என்றே நினைத்துக்கொள்கிறோம். நான் முதல் நாள் சாப்பிட்ட இலை யாருடையது? நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

பஸ்ஸில் வரும்போதே விமர்சனத்தை அழித்தேன். ஆப் விடுமா? 'அழிக்கக் காரணம் என்ன' என்று கேட்டது. தகவல் தவறு, கடை மூடிவிட்டது, அனுபவம் சரியில்லை, மற்றவை. நான்காவதைத் தொட்டு எழுதினேன்: சாப்பாடு மிக நன்றாக இருக்கிறது.

வீடியோக்காரருக்கும் எழுதிக் கேட்டேன். நல்ல மனிதர், வழி சொல்லும் பகுதியை நீக்கிவிட்டார். நீங்களும் தெருப் பெயர் கேட்டு எனக்கு எழுதாதீர்கள். பேட்டையில் மெஸ்ஸுக்குப் பஞ்சமில்லை.

நேற்று லாத்தாவுக்குப் போன் செய்தேன். பின்னால் பாத்திரச் சத்தம்.

"இப்ப எப்படி இருக்கு லாத்தா?"

"முருகன் இன்னைக்கு மூணு தடவ சோறு வாங்கினான்," என்றார். ஒரு பெருமூச்சு. பிறகு, வியாபாரம் செய்கிற யாரும் சொல்லி நான் கேட்டிராத ஒன்றை, மனதார, கடவுளுக்கு நன்றி கூறிச் சொன்னார்:

"அல்ஹம்துலில்லாஹ், கூட்டம் கொறைஞ்சிட்டு!"