நாற்பத்தாறு புட்டிகளும் ஒரு கொதிகலன் ஆய்வாளரும்

சோடா புட்டியைத் திறக்க லைல் பான்க்ராட்ஸ் கொல்லைப்புறம் போவார். கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூடியைக் கால் சுற்று திருகிவிட்டுக் காத்திருப்பார். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலக் காகித ஆலைகளில் முப்பத்தொரு வருடமாகக் கொதிகலன்களைச் சோதிப்பவர். அழுத்தம் ஏறக்கூடிய எதையும் அவர் நம்புவதில்லை, மனைவி நோரீனின் மௌனம் உட்பட.

"நான் கையெழுத்துப் போட்ட கொதிகலன் ஒண்ணுகூட வெடிச்சதில்ல" என்பார். உடனே, "எங்க வெடிக்கும்? பாதிய நான் ஓடவே விடலயே!" என்று தானே சிரிப்பார். தன்னைக் கேலி செய்யும் வேலையைப் பிறருக்கு விட்டுவைப்பதில்லை. அதுவும் ஒரு முன்னெச்சரிக்கைதான்.

இவரிடம்தான் மகள் ட்ரூடி, தன் கல்யாண விருந்துக்கு அப்பா கையால் காய்ச்சிய பீர் வேண்டும் என்றாள். புளிப்புச் செர்ரி போட்ட கோதுமை பீர். அதுவரை அவர் காய்ச்சியது காபி மட்டும். என்ன தோன்றியதோ, சரி என்றுவிட்டார்.

நிலவறை வாளியில் பீர் நொதித்தது. நொதிப்பு முடிந்துவிட்டதா என்று பதினோரு நாள் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அளந்தார். அளக்க எடுத்ததையெல்லாம் குடித்தார். புட்டியில் அடைத்தபின் வாயு ஏற மூன்று வாரம் வேண்டும். கல்யாணத்துக்குச் சரியாக மூன்று வாரம் இருந்த சனிக்கிழமை நோரீன் சொல்லிவிட்டாள்: "இன்னைக்கு அடைக்கிற. இல்லன்னா கடையில வாங்கி உன் பேர ஒட்டிடுவேன்."

அடைக்கும் முன் கொஞ்சம் சர்க்கரைப்பாகு சேர்க்க வேண்டும். ஈஸ்ட் அதைத் தின்றுதான் வாயுவை உண்டாக்கும். கூடிப்போனால் புட்டி வெடிக்கும். லைல் சர்க்கரையை மூன்று முறை நிறுத்து, பாகு காய்ச்சி ஆறவைத்தார். முகக்கவசமும் தோல் கையுறையும் மாட்டிக்கொண்டு நிலவறையில் இறங்கினார். நாற்பத்தாறு புட்டிகளை நிரப்பி, மூடி அழுத்தி, அங்கேயே இருந்த குளியலறைத் தொட்டியில் அடுக்கி, மேலே இரண்டு கம்பளி போர்த்தினார். கதவில் 'அபாயம்' என்று எழுதி ஒட்டினார்.

மேலே சமையலறையிலிருந்து நோரீன் கேட்டாள்: "லைல், அடுப்பு மேல பாத்திரத்துல என்ன இது? கையில ஒட்டுது."

அவர் முகக்கவசத்தை மெல்லத் தூக்கினார். "பாகு."

"அட மனுஷா! அப்ப அந்தத் தொட்டியில இருக்கறது?"

"உலகத்துலயே பத்திரமான பீரு" என்றார் லைல். "வெடிச்சிடும்னு கவசம் போட்டேன். வெடிக்கிற சாமானத்தான் போடல. இந்த ஆளுக்கு எவன் வேல குடுத்தான்?"

நோரீன் சிரித்தபடியே இறங்கி வந்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "ட்ரூடி சைக்கிள் கேட்டா, விழுந்துடுவன்னு சொன்ன. ஏரியில நீந்தணும்னா, மூழ்கிடுவன்னு சொன்ன. இதுக்குத்தான் மொதல் தடவையா சரின்னு சொன்ன. இதையும் சப்புன்னு குடுக்கப் போறியா?"

லைல் கையுறையைக் கழற்றிவிட்டுச் சமையலறைக்கு ஏறினார்.

நாய்க்கு மருந்து புகட்டவென்று வாங்கிய புது சிரிஞ்சைக் கொதிநீரில் போட்டு எடுத்தார். மூடிகள் இரண்டு மடங்கு வாங்கி வைத்திருந்தார். அந்த வரையில் நல்லது. பாகுப் பாத்திரத்தோடு கீழே வந்தார். ஒவ்வொரு புட்டியாகத் திறந்தார்கள். அவள் கழுத்தைப் பிடித்துக்கொள்ள, அவர் சிரிஞ்சைக் கண்ணுக்கு நேரே தூக்கிக் கோடு பார்த்துப் பாகை விட்டு மறுபடி மூடினார்.

"ஒரு சொட்டு கூடினா என்ன ஆகும்?" என்றாள் நோரீன்.

"பேசாத. எண்ணிக்கிட்டிருக்கேன்."

நாற்பத்தைந்து முடிந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. கடைசிப் புட்டிக்கு அவர் சிரிஞ்சைத் தொடவில்லை. பாத்திரத்தைச் சாய்த்து, அடியில் மிச்சமிருந்ததை அளக்காமல் அப்படியே ஊற்றி, மூடியை அழுத்தினார். பிறகு அதை நெஞ்சோடு அணைத்தபடி தொட்டியை நோக்கி நடந்தார்.