மிளகு போட்ட மூளையும் ஒரு மான்தோல் கோட்டும்

ரானுயி ஊரில் யாருடைய கார் நசுங்கினாலும் டெஸ்மனிடம்தான் வரும். மன்னாரிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர், தட்டித் தட்டியே தகரத்தைப் பழைய உருவுக்குக் கொண்டுவந்துவிடுவார். அந்தத் திமிரில்தான், தான் முதன்முதலாகச் சுட்ட மானின் தோலில் மனைவி டோறினுக்குக் கோட்டுத் தைப்பதாக ஊரெல்லாம் சொல்லிவைத்தார். கல்யாணத்தின் இருபத்தைந்தாம் வருட விருந்துக்கு அவள் அதைப் போட்டுக்கொண்டு வருவாளாம். கையில்லாத கோட்டுத்தான். கை வேண்டுமென்றால் இன்னொரு மான் வேண்டும்.

திமிர் மட்டுமல்ல. மான் விழுந்ததும் டெஸ்மன் அதன் பக்கத்தில் முழங்காலிட்டு, உன்னில் ஒன்றையும் வீணாக்கமாட்டேன் என்று சொல்லியிருந்தார். வேட்டைக்குக் கூட்டிப்போன நண்பர் பற்றிக் சிரிக்கவில்லை. ஒரு மானின் தோலில் தேய்த்துப் பதமாக்க அதே மானின் மூளை போதும் என்று மட்டும் சொன்னார். டெஸ்மன் மூளையை ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுக் குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில் வைத்துவிட்டு, இரண்டு வாரம் கராஜில் தோலிலிருந்து மயிரும் சவ்வும் வழித்தார்.

விருந்துக்கு ஒரு வாரம் இருக்க, சனிக்கிழமை டப்பாவை எடுத்தால் காலி. கழுவிக் கவிழ்த்திருந்தது.

"டோறின், இதிலை இருந்தது எங்கை?"

"காலமை மிளகு போட்டுப் பிரட்டினன். நீங்கள் ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டனீங்களெல்லே!"

"ஐயோ, அது ஆட்டு மூளையில்லை! உம்மடை கோட்டுக்கு வைச்ச மான்ரை மூளை!"

"எழுதி ஒட்டியிருக்கலாமே. மூளையைக் கண்டால் எங்கட ஆக்கள் வேறை என்ன செய்யிறது?"

மகள் அஞ்சலினா கைபேசியைத் தடவிவிட்டு, "டாட், எக் யோக்கும் ஓகேயாம்," என்றாள். இரண்டு டசின் மஞ்சள் கரு, கொஞ்சம் எண்ணெய். தோலில் தேய்த்து ஊறவைத்தார்கள்.

மறுநாள் பூசை முடிந்து வந்ததும் இழுவை தொடங்கியது. ஈரம் முழுக்கப் போகும்வரை தோலை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இடையில் விட்டால் விறைத்துவிடும். ஒரு நுனி டெஸ்மன், மறு நுனி டோறின். நாலு மணிக்கு டெஸ்மனின் தோள்மூட்டு கழன்றது போலிருந்தது.

"விடுமப்பா, பலகையாப் போச்சு. கடையிலை ஒண்டு வாங்கித் தாறன்."

முதியோர் இல்லத்தில் தினமும் ஆட்களைத் தூக்கி இருத்துகிற டோறின் விடவில்லை. "வாயை மூடிக்கொண்டு இழுங்கோ. நானெல்லோ சமைச்சனான்."

ஐந்தரைக்கு அது நடந்தது. கைக்குள் தோல் திடீரென்று தளர்ந்தது. ஓரத்திலிருந்து வெண்மை பரவியது. டெஸ்மன் தடவிப் பார்த்தார்: பிள்ளைக்குச் சுற்றுகிற துணி போல இருந்தது. நசுங்கிய தகரம் எத்தனை தட்டினாலும் முன்பு இருந்ததாகத்தான் திரும்பும். இதுவோ, ஒருபோதும் இருந்திராத ஒன்றாகிவிட்டது. டோறின் அதில் கன்னத்தை வைத்தாள்.

உக்கிய மரத்தை எரித்துப் புகை காட்டியதும் தோல் தேன்நிறமாயிற்று. இனி நனைந்தாலும் விறைக்காது. நாளுக்கு நாலு தரம் மழை பெய்யும் ஊரில் அது பெரிய விஷயம்.

விருந்தில் சேலைக்கு மேல், டெஸ்மன் தைத்து முடித்த கோட்டோடு டோறின் வந்தாள். கேலி செய்ய வந்தவர்கள் தொட்டுப் பார்த்தார்கள். கையை எடுக்க மறந்தார்கள்.

பற்றிக் மெல்லக் கேட்டார்: "மூளை போதுமா இருந்ததோ?"

டோறின் டெஸ்மனைப் பார்த்தாள்.

"ஓம் அண்ணை," என்றாள். "ஒரு துண்டும் வீணாகேல்லை."